ஏழாம் கட்டின் நாற்பத்தொன்றாம் பக்கம்

1

“…திரும்பி வந்த தாள் எப்பிடி காணாமப் போன தாளாகும், மரி? எண்ணிப் பாரு, அம்புட்டும் இருக்கு. ஒன்னுகூடக் கொறையல. பெறகு எதுக்கு நம்மள இங்கன கொண்டாந்து உக்கார வச்சிருக்காக?” என்றாள் மார்த்தா.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஒரு பெரிய வக்கீல் கம்பெனியின் ஐந்தாவது மாடி. நீளமான நடைவழி. மூடிய கதவு ஒன்றுக்கு எதிரே இருந்த பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்கிறவர்கள் இரண்டு பேர். தரையில் தடித்த கம்பளம் விரித்திருந்ததால் யார் நடந்தாலும் சத்தம் வராது. ஆள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரியும். மார்த்தா மட்டும் குரலைத் தாழ்த்தவில்லை. அவள் பேச்சு அந்த நடைவழியின் கோடி வரைக்கும் தனியாகப் போய்விட்டு எங்களிடமே திரும்பி வந்தது.

மார்த்தா போர்ச்சுகல்காரி. நான் சிவகாசிப் பக்கத்துத் திருத்தங்கல்காரி. நாங்கள் பேசிக்கொள்வது பிரெஞ்சு. அவள் பிரெஞ்சையும் என் பிரெஞ்சையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் ஒரு முழு ஆளின் பிரெஞ்சு தேறும். ஆனால் என்ன மாயமோ, அவள் வாயில் பிரெஞ்சாகப் புறப்படுவது என் காதில் விழும்போது எங்கள் ஊர்ப் பேச்சாகிவிடும். அதனால் அவள் பேசியதையெல்லாம் என் காதில் விழுந்தபடியேதான் இங்கே எழுதுகிறேன். மாரியம்மாள் என்ற என் பெயரை ‘மரி’ என்று முதலில் சுருக்கியவளும் அவள்தான். “ஒம் முழுப் பேரையும் சொல்லி முடிக்கங்குள்ள எனக்கு டீ ஆறிப் போயிரும்” என்பாள்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. வசிப்பிட அட்டையைப் புதுப்பிக்க வரச்சொல்லி நகராட்சியிலிருந்து இந்த வாரம் மறுபடியும் கடிதம் வந்தது. கவரைப் பிரித்ததும் ஞாபகத்துக்கு வந்தது அந்தப் பெஞ்சுதான். இதுவரை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. போனில் சொன்னால் பாதியில் அழைப்பு அறுந்துவிடும். மீதியை அவர்களாகவே இட்டுக்கட்டிக்கொள்வார்கள். எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மீதிப் படிப்பெல்லாம் அச்சாபீஸின் பைண்டிங் செக்‌ஷனில் வந்தது. டைரிக்குத் தாள் சேர்க்கும்போது டைரியைப் படித்தேன். காலண்டருக்குத் தகரம் அடிக்கும்போது ராசிபலன் படித்தேன். தாளை எண்ணுவதும் அங்கேதான் கையில் ஏறியது. அடுக்கின் மூலையை விசிறி மாதிரி விரித்து, ஐந்தைந்தாக விரலால் தள்ளி எண்ண வேண்டும். வாய் பக்கத்தில் இருப்பவளிடம் வம்பு பேசிக்கொண்டிருக்கும். கை தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போகும். ஆயிரம் தாளில் ஒன்று குறைந்தால் கை நின்றுவிடும்.

இங்கே வக்கீல் கம்பெனியின் கோப்பு அறையில் எனக்கு வேலை கிடைத்தது அந்தக் கையால்தான். வேலை ஒன்றும் பெரிதில்லை. நகல் எடுப்பது, அடுக்குவது, கட்டுவது. அறையின் பொறுப்பு மார்த்தாவுக்கு. எண்ணுவதற்கு மெஷின் உண்டு. ஆனாலும் கட்டும் முன்னால் நான் ஒரு தடவை எண்ணுவேன். முதல் நாள் அதைப் பார்த்து மார்த்தா, “ஏ மரி, சீட்டாட்டக் கிளப்புல வேலை பாத்தியா?” என்று கேட்டாள்.

அப்போது அந்தக் கம்பெனி நடத்திய வழக்கு உலகம் முழுக்கத் தெரிந்த வழக்கு. பெயர் எதற்கு? நம் ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது சுலபம். தீபாவளி கிஃப்ட் பாக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பட்டாசுக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அவர்கள் சரவெடி இல்லாமல் எந்தக் கடையும் ஓடாது. ‘சரவெடி வேண்டுமா, பெட்டியாக எடுத்துக்கொள். பெட்டிக்குள் எங்கள் மத்தாப்பும் இருக்கும்’ என்று கடைக்காரரிடம் சொல்கிறார்கள். பெட்டிக்குள்ளேயே மத்தாப்பு கிடக்கும்போது, மத்தாப்பு மட்டுமே செய்கிற சின்னக் கம்பெனியிடம் எவன் வாங்குவான்? சரவெடி இருக்கிற இடத்தில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். மத்தாப்பு இருக்கிற இடத்தில் பாட்டுக் கேட்கிற மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்து சின்னக் கம்பெனிகளைச் சாகடிக்கிறாயா என்று அரசாங்கம் கேட்டது. எங்கள் வக்கீல்கள் சரவெடிக்காரர்கள் பக்கம்.

இதை வீட்டில் விளக்கிச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கணேசன், “நம்ம கல்யாணமும் அப்பிடித்தான். ஒன்னைய மட்டுந்தான் கேட்டேன். ஒங்க அண்ணனையும் பெட்டிக்குள்ள வச்சுல்ல அனுப்பிட்டாக” என்றார். அண்ணன் எங்களோடு ஒரு வருஷம் தங்கியிருந்துவிட்டுப் போன வருத்தம் அவருக்கு.

மார்த்தாவிடமும் மத்தாப்புக் கதையைச் சொன்னேன். “எந் தம்பியும் மத்தாப்புக்காரந்தான்” என்றாள். தம்பியும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து பாட்டுக் கேட்கிற மென்பொருள் ஒன்றைச் செய்து விற்றார்களாம். செத்துப்போன அம்மாவின் பெயரையே கம்பெனிக்கு வைத்திருந்தார்களாம்: ஓலிந்தா. இப்போது தம்பி ரொட்டிக்கடை வேன் ஓட்டுகிறார். இதைச் சொல்லிவிட்டு மார்த்தா சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் அவள் முகம் கொஞ்ச நேரம் சிரித்த வாக்கிலேயே இருந்தது.

3

அரசாங்கம் தன் குற்றச்சாட்டுகளை எழுதி ஒரு தடித்த கோப்பாக அனுப்பியிருந்தது. வெளியே யாரும் பார்க்கக் கூடாத கோப்பு. அதைப் பன்னிரண்டு நகல் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் அது எத்தனையாவது கட்டு என்று முத்திரை குத்த வேண்டும். அறையை விட்டு ஒரு பக்கமும் வெளியே போகக் கூடாது. எத்தனை நகல் எடுத்தோம் என்பதை நகல் மெஷின் எழுதி வைத்துக்கொள்ளும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதைக் கதவு எழுதி வைத்துக்கொள்ளும். கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால்தான் அது திறக்கும்.

அன்று காலையில் பன்னிரண்டு கட்டும் அடுக்கி முடித்தேன். கட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தாள், தாளுக்கு ஒரே பக்கம். எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது.

மதியம் நான் நகராட்சிக்குப் போக வேண்டியிருந்தது. கணேசன் வேலை பார்த்த ஓட்டல் அப்போது மூடிக் கிடந்தது. அந்த வருஷம் எங்கள் மூன்று பேர் வசிப்பிட அட்டையும் என் ஒருத்தியின் வேலைக் கடிதத்தை நம்பித்தான் இருந்தன. கிளம்பும்போது மார்த்தா, “என் கதவு அட்டைய வீட்ல மறந்துட்டேன் மரி, ஒன்னதக் குடுத்துட்டுப் போயேன்” என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

இங்கே பிறந்தவள் கொடுத்திருக்க மாட்டாள். நான் திருத்தங்கலில் வளர்ந்தவள். எங்கள் அச்சாபீஸ் வேன் லேட்டானால், முதலில் குதித்து ஓடுகிறவள் மற்ற ஆறு பேர் அட்டையையும் வாங்கிக்கொண்டு ஓடி, வருகைக் கடிகாரத்தில் அடித்துவிடுவாள். தினமும் நடக்கிற காரியம். அட்டையைக் கொடுப்பவளை யாரும் தப்பாக நினைத்ததில்லை. கேட்டுக் கொடுக்காதவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம்.

நகராட்சியில் வரிசைச் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் காகிதங்களை நெடுநேரம் பார்த்தார். பிறப்புச் சான்றிதழில் ராமநாதபுரம் மாவட்டம், பாஸ்போர்ட்டில் விருதுநகர் மாவட்டம்.

“அம்மா, ஒரு ஆள் இரண்டு இடத்தில் பிறக்க முடியாது” என்றார்.

மாவட்டம் பிரித்த கதையை என் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? “ஊர் அங்கேயேதான் இருக்கிறது ஐயா. மாவட்டந்தான் நகர்ந்து போய்விட்டது” என்றேன். அவர் பயந்தவர் மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காகிதத்திலும் வரிசைச் சீட்டிலும் முத்திரை குத்தினார்.

இரண்டு மணிக்குத் திரும்பினேன். மார்த்தா உள்ளிருந்து கதவைத் திறந்து அட்டையை என் கழுத்தில் அவளே மாட்டிவிட்டாள். “காப்பி குடிச்சிட்டு வாரேன்” என்று கோட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டுகளைக் கட்டலாம் என்று எடுத்தேன். ஏழாவது கட்டில் கை நின்றது. இருநூற்றுப் பதினொன்று. மறுபடி எண்ணினேன். தாளோடு தாள் ஒட்டியிருக்குமோ என்று ஊதிப் பார்த்தேன். பிறகு பக்க எண்ணைப் பார்த்துக்கொண்டே புரட்டினேன். நாற்பது, நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று இல்லை. மேஜைக்கு அடியில், மெஷினுக்குள், குப்பைக் கூடையில், எங்கும் இல்லை. அறைக்கு ஜன்னல் கிடையாது. காற்று அடித்துக்கொண்டு போக வழியில்லை.

மூன்று மணிக்கு மார்த்தா வந்து கதவைத் தட்டினாள், திறந்துவிட்டேன். வெளியே மழை, கோட்டில் துளிகள் நின்றன.

“ஏழுல ஒரு பக்கம் கொறையுது” என்றேன்.

“சரியா எண்ணுனியா? போ, போயி மொகத்தக் கழுவிட்டு வந்து எண்ணு” என்றாள்.

கழுவிவிட்டு வந்து எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் நாற்பத்தொன்று ஒன்றும் அறியாத மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஆனால் கைக்குத் தெரியும். மற்ற தாள்களெல்லாம் மொடமொடவென்று இருந்தன. இது மட்டும் துவண்டு கிடந்தது. அது ஈரம் குடித்திருந்தது. மழையே இல்லாத வெயிலில் தாளைத் தொட்டுப் பழகிய சிவகாசிக்காரிக்கு ஈரம் குடித்த தாள் எப்படித் தெரியாமல் போகும்? அந்தத் தாள் எழுந்து வெளியே போய், மழையில் எங்கோ நடந்துவிட்டு, நான் முகம் கழுவுகிற நேரத்தில் திரும்பி வந்து படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கட்டைக் கட்டினேன். விரலைப் புடவையில் துடைத்தேன். உடனே இங்கே நான் புடவை கட்டுவதில்லை என்பது ஞாபகம் வந்தது. கால்சட்டைத் துணியில் வெறும் கைதான் உரசியது.

4

நாலாம் நாள் சாயங்காலம் என் மகள் செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து டிராமில் வந்தாள். டிராமில் சும்மா கிடக்கும் இலவசப் பத்திரிகையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் ‘நம்ம ஊர்’ என்று சொல்வதை விட்டு ‘உங்க ஊர்’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

“அம்மா, உங்க ஆபீஸ் கேசு வந்திருக்கு.”

ரகசியக் கோப்பிலிருந்து ஒரு பக்கத்தைப் படமாகவே போட்டிருந்தார்கள். அரசாங்கம்தான் கசியவிட்டது என்று கம்பெனி சொல்கிறது; கம்பெனிதான் விட்டது என்று அரசாங்கம் சொல்கிறது. இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் படத்தின் கீழ் மூலையைப் பார்த்தேன். கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு முத்திரை. ஏழு.

“என்னடி எழுதியிருக்கு, வாசி.”

“மூடிப்போன கம்பெனிங்க பேருதாம்மா. நெறைய இருக்கு.” சாதத்தைப் பிசைந்துகொண்டே அவள் வரிசையாக வாசித்தாள். ஆறாவது பெயரை வாயில் சோறோடு சொன்னாள்: “ஓலிந்தா.”

செத்துப்போன ஒருத்தியின் பெயர் என் மகள் வாயிலிருந்து என் சாப்பாட்டு மேஜையில் விழுந்தது.  “சோத்தத் தின்னுட்டுப் பேசு” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அறைக்குள் போனபோது நகல் மெஷின் இல்லை. அது நின்ற இடத்தில் கம்பளம் மட்டும் புதுசாக, சதுரமாகத் தெரிந்தது. ஏழாவது கட்டைக் கண்ணாடிப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தார்கள். என் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பொட்டு அட்டை, ஊசி, தைலக் குப்பி, பேனா எல்லாவற்றையும் யாரோ உயரவாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றும் குறையவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. களவாணி வந்த வீடு கலைந்து கிடக்கும். இது யாரோ என் கையை வைத்தே அடுக்கின மாதிரி இருந்தது.

பேச்சு நின்றுபோனது. காப்பி எடுக்கப் போனால் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தம்ளரைப் பார்ப்பார்கள். மார்த்தா மட்டும் வழக்கம் போல, “என்ன மரி, சாப்பிட்டியா?” என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. செல்விதான் வாசித்தாள். எங்கள் வீட்டில் சர்க்கார் கடிதம், கம்பெனிக் கடிதம் எல்லாவற்றுக்கும் அவள்தான் வக்கீல்.

“விசாரணைக்கு வரணுமாம். அன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு அம்பத்திரண்டுக்கு நீ அந்த ரூமுக்குள்ள போனியாம். ரெண்டு மணி வரைக்கும் ஒன்னைத் தவிர யாரும் உள்ள போகலையாம்.”

“நான் போகல. நகராட்சியில நின்னேன்.”

“நீ போனதாக் கதவு சொல்லுதும்மா.”

“கதவு சொன்னா?”

செல்வி கடிதத்தை மறுபடி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அப்போ உள்ள போனது யாரும்மா?” என்றாள், சின்னக் குரலில்.

கைப்பையைக் கவிழ்த்தேன். எந்தத் தாளையும் தூக்கி எறியாத கை இது. பழைய பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவில் அந்த வரிசைச் சீட்டு கிடந்தது. வரிசை எண், தேதி, நேரம் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. பன்னிரண்டு நாற்பத்தொன்பது. மேலே அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் குத்திய முத்திரை. அவர் சொன்னது காதில் கேட்டது: ஒரு ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இல்லை, பிறக்க முடியாது என்றுதான் சொன்னார்.

கணேசன் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதக் காட்டிரு. அட்டைய மார்த்தாட்ட குடுத்தேன்னு சொல்லிரு. வேல போனா நம்ம மூணு பேரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். இந்தப் புள்ள அங்கன வந்து எந்தப் பள்ளிக்கூடத்துல ஒக்காரும்?”

“சொன்னா மார்த்தா?”

“அவ ஒனக்கு யாரு?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

5

பெஞ்சில் உட்கார்ந்து மார்த்தாவிடம் நான் சொன்னது ராக்கம்மா அக்கா கதையை.

எனக்குப் பத்தொன்பது வயது. சீசன் நேரம். எங்கள் அச்சாபீஸில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பூச்சட்டி, அதாவது புஸ்வாண லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. புது டிசைன், மயில் படம். கடைக்கு வரும் வரைக்கும் வெளியே தெரியக் கூடாது. ஆனால் சிவகாசியில் வேறொரு கம்பெனிக்காரர் பெட்டியில் அதே மயில் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது. முதலாளி செக்‌ஷனுக்குள் வந்து நின்றார். “ஒரு தாளு வெளிய போயிருக்கு. எண்ணுங்க” என்றார்.

செக்‌ஷனில் வேகமான கை என் கைதான். எல்லா அடுக்கையும் என்னை எண்ணச் சொன்னார்கள். ராக்கம்மா அக்கா அடுக்கில் கை நின்றது. “அக்காவோடதுல ஒன்னு கொறையுது” என்றேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற பெருமையில் சத்தமாகவே சொன்னேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து, “இன்னொருக்க எண்ணு தாயி” என்றாள்.

எண்ணினேன். ஒன்று குறைந்தது.

மறுநாள் காலையில் வேன் அவள் தெரு முனையில் நிற்கவில்லை. அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்து போனோம். டிரைவர் மட்டும் ஹாரன் அடித்தார், எதற்கு அடித்தாரோ.

ஐப்பசியில் மிச்ச லேபிள் தாள்களை எடுத்துச் சுத்தம் செய்தபோது ஒரு தாள் கனமாகத் தட்டுப்பட்டது. மூலையை உரித்தேன். இரண்டு தாள். மை காயும் முன் அடுக்கியதில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்றாகவே வந்திருக்கிறது. பிரித்ததும், மேல் தாளின் முதுகில் அந்த மயில் வெளிறிப்போய், தலை மாறி, இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு பதிந்திருந்தது. அந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது.

சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “சீசனே முடிஞ்சு போச்சு. இப்ப வந்து மயிலக் காட்டுத. வாய மூடிட்டு வேலையப் பாரு புள்ள” என்றார். முதலாளியிடம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அச்சாபீஸில் வேலை போன அக்கா பட்டாசு ஆலைக்குப் போனாள். அங்கே ஒரு ஷெட்டில் தீப்பிடித்தது என்று கேள்விப்பட்டோம். எங்கள் பக்கத்தில் அப்படிக் கேள்விப்படாத வருஷம் உண்டா? அடுத்த வருஷம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அவளாகவே கூப்பிட்டாள். “ஏ மாரி, நல்லாருக்கியா? கல்யாணம் பேசியாச்சாமே?” முந்தானைக்குள் இருந்த வலது கையை எடுத்து என் கன்னத்தைத் தொட்டாள். விரல்கள் தனித்தனியாக இல்லை. தீயில் வெந்து, ஆறும்போது ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஒரே சதையாக இருந்தது.

நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அக்கா சிரித்தாள். “ஐயஞ்சா எண்ண முடியாது. இப்ப எண்ணச் சொன்னா ஒன்னு ஒன்னாத்தான் எண்ணணும்” என்றாள்.

தாள் ஒட்டியிருந்ததை அவளிடம் சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. இன்றைக்கும் புதுத்தாளைத் தொட்டால் எனக்கு அந்தக் கன்னம் சூடாகிறது.

6

 என் பிரெஞ்சில் இதில் எத்தனை மார்த்தாவுக்குப் புரிந்ததோ தெரியாது. விரல்கள் சேர்ந்துபோனதைச் சொல்லத் தெரியாமல் என் கையை மூடிக் காட்டியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதனால் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

“நீங்க அத வெறும் தாளுன்னு சொல்றீக” என்றேன். “எனக்கு ஒரு தாளுன்னா அது.”

கதவுக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

“மார்த்தா, ஒன்னு கேக்கேன். அன்னைக்கு ஒங்க அட்டைய நெசமாவே மறந்துட்டுத்தான் வந்தீகளா?”

அவள் எதிரே இருந்த கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மறக்கல. கோட்டுப் பையிலதான் இருந்துச்சு.”

கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் மேலே சொன்னாள்.

“நீ தெனமும் சீக்கிரமாச் சாப்பிட்டுட்டு உள்ள வந்துருவ. ஒம் பேரு கதவுல இருந்தா யாரும் ஒரு பொருட்டா நெனைக்க மாட்டாகன்னு நெனச்சேன். பக்கத்தப் படமாப் போடுவாக, மூலையில ஏழு தெரியும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பேர மட்டும் எழுதுவான்னு நெனச்சுத்தான் பத்திரிகைக்காரன்கிட்ட குடுத்தேன். எங்கம்மா பேரு எங்கயாவது ஒரு எடத்துல அச்சுல வரட்டும்னு தோணுச்சு. அம்புட்டுத்தான் மரி.”

அம்புட்டுத்தான். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள், பெரிய காரியம் எதையாவது செய்துவிட்டு.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் மார்த்தா மேல் உட்காராமல் அந்த நடைவழியில் சும்மா அலைந்தது. என் அட்டையைப் போட்டுக்கொண்டு, என் பெயரில், நான் இல்லாத அறைக்குள் அவள் நடந்திருக்கிறாள். அந்த ஒரு மணி நேரமும் அங்கே இருந்தது நான்தான் என்று கதவும் சொல்கிறது, கடிதமும் சொல்கிறது. நகராட்சியில் உட்கார்ந்திருந்தவள் யார் என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது.

கைப்பையிலிருந்து சீட்டை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அதிகமாகக் கசங்கியிருந்தது, நேரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“என்னது?” என்றாள் மார்த்தா.

“அந்நேரத்துக்கு நான் எங்கன இருந்தேன்கிறதுக்குச் சீட்டு. இதக் காட்டுனா நான் தப்பிச்சுருவேன். அட்டை யாருகிட்ட இருந்துச்சுன்னு அடுத்து கேப்பாக.”

“காட்டு.”

“காட்டுனா ஒங்க கதி?”

“காட்டலேன்னா?”

“எங்க மூணு பேரு அட்டையும் போயிரும். செல்வி…” அதற்கு மேல் எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. தமிழும் வரவில்லை. “உள்ள போயி வாயத் தொறந்தா என்ன வரும்னு எனக்கே தெரியல மார்த்தா. போன தடவ எங் கை சொன்னதச் சத்தமாச் சொல்லித்தான் ஒருத்தி கை போச்சு. இந்தத் தடவ கை சொல்றது நெசம். ஆனாலும் சொல்ல வர மாட்டேங்குது.”

அவள் என் உள்ளங்கையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கசக்கி வாயில் போட்டு விழுங்கிவிடுவாளோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. நான் கையை மூடவில்லை. எதனால் மூடவில்லை என்று இந்த இரண்டு வருஷத்தில் பல தடவை யோசித்துவிட்டேன். மூடியிருந்தால் சீட்டு என்னோடேயே உள்ளே வந்திருக்கும். பிறகு நான் காட்டியிருப்பேன். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஒருவர் தலையை மட்டும் நீட்டி, கையிலிருந்த தாளைப் பார்த்து, என் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகத் தடவித் தடவிக் கூப்பிட்டார். “மா-ரி-அம்-மாள்?”

எனக்கு முன்னால் மார்த்தா எழுந்தாள். என் உள்ளங்கையிலிருந்து சீட்டை எடுத்து, பாவாடை மேல் வைத்து இரண்டு தடவை நீவி நேராக்கினாள். “அட்டை யாருகிட்ட இருந்துச்சுன்னு எங்கிட்டயே கேக்கட்டும்” என்றாள். “வந்துட்டேன்” என்று அந்த ஆளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கம்பளத்தில் சத்தமே இல்லாமல் நடந்து உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.